கிளாரா சூமான் அம்மையார்

ஜெர்மனி நாட்டில், ரைன் நதிக்கரையிலுள்ள பான் நகரத்துப் பழைய கல்லறைத் தோட்டத்திலே, இசை இயற்றுவதிற் பெரும்புகழ் பெற்ற இராபர்ட் சூமான் என்பாருக்கு எடுத்த நினைவுச்சின்னம் ஒன்று உளது. 1880-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அச்சின்னத்தின் மேற்புறத்தில் சூமானது முகம் செதுக்கப்பட்டிருக்கின்றது. கீழே, அவருடைய அடியில் அமர்ந்து, அண்ணாந்து அவரை நோக்கும் கலைத்தெய்வமாக ஒரு பெண்ணுருவம் காணப்படும். அவ்வுருவம் அவர்தம் மனைவியார் கிளாராவைக் குறிப்பதாம். சிற்பியின் கைத்திறத்தைக் குறைகூறுதல் எமது நோக்கமன்று. ஆயினும், அச்சின்னத்திற்குப் பொருள் திரட்டும்பொருட்டு 1873-இல் அந்நகரில் நடந்த இசைவிழாவிலே பியானோவின் முன் அமர்ந்து, கணவர் இயற்றிய இசையை வாசித்தவர் இதே அம்மையார்தாம் என்பதை அறிந்தோர், அக்கல்லை மற்றொருமுறை உற்று நோக்காதிரார். கல்லில் அவர் வாளா அமர்ந்திருக்கின்றார். அவர் வாழ்நாளில் அங்ஙனம் அமர்ந்திருந்த நாட்கள் மிகச் சிலவே.

'தேர்ந்த பியானோ விதுஷி. அன்பு மாறாத மனைவி' என்று இரு தொடர்களில் அவ்வம்மையாரை நினைவுகூர்ந்து முடித்துவிடுதல் நெடுநாளைய வழக்கம். இரண்டும் மெய்யே. ஆனால், இலக்கணம் பயில்வோர்க்கு இயல்பாகிய ஒரு குற்றத்தோடு யாம் சொல்லுவதாயின், அவற்றை உம்மைத்தொகையாகப் பிரிப்பது பிழை என்போம். விதுஷியும் மனைவியும் என்று பிரித்தால், ஒன்று மேடையிலும் மற்றொன்று வீட்டிலுமாக நிகழ்ந்த இருவேறு வாழ்க்கைகள்போலத் தோன்றும். கிளாரா அம்மையார் கணவர்பால் வைத்த அன்பு பெரிதும் அவருடைய பத்து விரல்களின் வழியாகவே செயற்பட்டது; அதற்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று. அவ்விலையைக் கணக்கிடாமல் அவரைப் புகழ்வது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது என்பதே எமது கருத்து.

கிளாரா 1819-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 13-ஆம் நாள் லைப்சிக் நகரிற் பிறந்தார். தந்தையார் பிரெடரிக் வீக் பியானோ கற்பிப்பதும் விற்பதும் தொழிலாகக் கொண்டவர். தாயார் பாடுவதில் வல்லவர். அவ்விருவரும் மனமொவ்வாது பிரிந்தனர். அந்நாட்டு அக்காலச் சட்டத்தின்படி குழந்தை தந்தைக்கே உரியதாயிற்று. நான்கு வயது கடந்தும் வாய்திறந்து பேசாத குழந்தை அது. வீட்டார் செவிடென்று ஐயுற்றனர். அக்குழந்தையை உலகறிந்த விதுஷியாக ஆக்கியே தீர்வதென்று தந்தையார் உறுதிபூண்டு, நாள்தோறும் பயிற்சியும், உடம்பு கெடாதிருக்க நெடுநடையும் விதித்து வளர்த்தார். ஒன்பதாம் வயதில் லைப்சிக் நகரத்துப் பெரிய இசைமண்டபமாகிய கெவாண்ட்ஹவுஸில் அவர் முதன்முறை வாசித்தார். பதினோராம் வயதில் அங்கே தம் பெயராலேயே ஒரு கச்சேரி செய்தார்.

இக்காலத்துச் செய்திகளுள் எம் மனத்தை விட்டகலாதது ஒன்றுண்டு. மகளுக்கென்று தந்தையார் ஒரு நாட்குறிப்பைத் தொடங்கினார். பல ஆண்டுகள் அதனைப் பெரும்பாலும் எழுதிவந்தவரும் அவரே. 'நான் இன்று வாசித்தேன்', 'என் தந்தையார் என்னைக் கடிந்தார்' என்னும் முறையில், மகள் பேசுவதுபோலத் தந்தையே எழுதினார். ஒரு சிறுமியின் 'நான்' என்னும் சொல்லே பிறர் கையெழுத்தில் அமைந்திருந்தது. பிற்காலத்தில் அவரைப்பற்றி எழுதியோர் பலரும் இவ்வழக்கத்தை விடவில்லை என்று தோன்றுகின்றது.

1830-இல் வீக்கினிடம் பியானோ பயில இருபது வயது இளைஞர் ஒருவர் வந்து, அவர் வீட்டிலேயே தங்கினார். அவரே இராபர்ட் சூமான். தேர்ந்த வித்துவானாக வேண்டுமென்னும் பேராவலோடு வந்த அவ்விளைஞரின் வலக்கை விரல் சில ஆண்டுகளில் ஊனமுற்றது. மேடையில் வாசிக்கும் ஆசை அத்தோடு ஒழிந்தது. அவர் இசை இயற்றுவதையே தம் வாழ்வாகக் கொண்டார். இதனை இங்கே விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. பியானோவுக்கென்று எழுதும் ஒருவர், தாம் எழுதியதைத் தாமே மக்கள்முன் வாசித்துக் காட்ட இயலாதவராயின், அவ்விசை ஏட்டிலேயே கிடக்கும். பிறிதொருவர் கைகள் வேண்டும். அக்கைகள் அந்த வீட்டிலேயே வளர்ந்துகொண்டிருந்தன.

1837-இல் இருவரும் மணஞ்செய்துகொள்ள உறுதிசெய்தனர். தந்தையார் வெகுண்டார். மகள் அவருடைய கலையின் வெற்றி. அதோடு அவருடைய வருவாயும் ஆவாள். ஏழாண்டுகளாகத் தன் கச்சேரிகளால் ஈட்டிய பொருளை மகள் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அவர் இட்ட நிபந்தனைகளுள் ஒன்று. வழக்கு நியாயஸ்தலம் ஏறியது. மாப்பிள்ளை குடிகாரர் என்றுகூடப் பழி சாற்றப்பட்டது. முடிவில் நியாயஸ்தலம் காதலர் பக்கமே தீர்ப்பளிக்க, 1840-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள், கிளாராவுக்கு இருபத்தொரு வயது நிரம்புவதற்கு ஒருநாள் முன்னர், லைப்சிக்கை அடுத்த சிற்றூர்க் கோயிலில் விவாகம் நடைபெற்றது. அப்போது ஐரோப்பாவில் பெயர்பெற்றிருந்தவர் மணமகளே. 1838-இல் வியன்னாவில் ஆஸ்திரிய அரசவையின் இசைப்பட்டம் பெற்றுத் திரும்பியவர் அவர். மணமகனையோ பத்திரிகை நடத்துபவராகச் சிலரும், விளங்காத இசை எழுதுபவராகச் சிலரும் அறிந்திருந்தனர்.

இனி இல்லறம். புதுமணத் தம்பதியர் இருவரும் மாறிமாறி எழுதும் ஒரு நாட்குறிப்பை வைத்துக்கொண்டனர். அதிலே அன்பும் உண்டு, முணுமுணுப்பும் உண்டு. வீட்டுச் சுவர்கள் மெல்லியன. கணவர் இசை எழுதும் பொழுதில் மனைவி பியானோவைத் தொட்டால் அவருடைய எண்ணம் கலையும். ஆகவே அவர் எழுதும் நாட்களிலெல்லாம் இவர் பயிற்சி நின்றது. தமது வாசிப்புப் பின்தங்கிவிட்டதென்று அம்மையார் அக்குறிப்பிலே வருந்தினார். சூமானும் கல்நெஞ்சரல்லர். பிள்ளைகளும், எந்நேரமும் இசைக்கனவில் மூழ்கியிருக்கும் கணவனும் உள்ள வீட்டிலே மனைவி இசை இயற்றுவது அரிதென்றும், எத்தனையோ நல்ல எண்ணங்கள் அவளுக்குத் தோன்றி அழிகின்றன என்றும் 1843-இல் அவரே மனமிரங்கி எழுதினார். இரங்கினார், ஆனால் வேறு வீடு பார்க்கவில்லை. 1841-இல் இருவர் பாடல்களையும் ஒருங்கே அச்சிட்டு வெளியிட்டனர். பன்னிரண்டு பாடல்களுள் மூன்று அம்மையாருடையவை. எது எவருடையது என்று நூலில் குறிக்கப்படவில்லை. மனமொத்த வாழ்வுக்கு அழகிய அடையாளம் என்று இதனைப் பலர் கொண்டாடுவர். யாமும் கொண்டாடுகின்றோம், ஆயினும், இனம் பிரித்தறிய இயலாதபோது புகழ் யாரிடம் போய்ச் சேரும் என்பதை உலகியல் அறிந்தோர் எளிதில் உணர்வர்.

பதினான்கு ஆண்டுகளில் எட்டு மகவு. ஒன்று கைக்குழந்தையாகவே மாண்டது. இவற்றுக்கிடையே வீட்டுச்செலவு மிஞ்சும்போதெல்லாம் அம்மையார் கச்சேரிக்குப் புறப்பட்டார். 1842-இல் கணவர் வீடு திரும்பிவிட, தாம் மட்டும் கோபன்ஹேகன் சென்று வாசித்தார். 1844-இல் கணவருடன் பனிக்காலத்தில் ரஷ்யா சென்று வந்தார். 1845-இல் சூமான் எழுதி முடித்த பியானோ கான்சர்ட்டோவை, அஃதாவது பியானோவும் வாத்தியக்குழுவும் எதிரெதிர் உரையாடுவதாக அமைந்த பேரிசையை, அவ்வாண்டு டிசம்பரில் டிரெஸ்டனில் முதன்முதல் வாசித்தவர் அவரே. இன்று உலகெங்கும் கேட்கப்படும் அவ்விசை அவர் கைகளில்தான் பிறந்தது.

1849-ஆம் ஆண்டு மே மாதம் டிரெஸ்டனில் கலகம் மூண்டது. ஆயுதம் தாங்க ஆடவரைத் தேடி வீடுவீடாக வந்தனர். அம்மையார் கணவரையும் மூத்த மகளையும் அழைத்துக்கொண்டு பின்வழியே வெளியேறி, ஊர்ப்புறத்தில் அவர்களைச் சேர்த்துவிட்டு, வீட்டில் விட்டுவந்த மற்றைக் குழந்தைகளுக்காக இரவிலேயே திரும்பினார். துப்பாக்கி வெடிக்கும் ஊருக்குள் நடந்து சென்று அவர்களை மீட்டு வந்தார். அப்போது அவர் ஏழுமாதக் கர்ப்பிணி. பான் நகரத்துச் சிற்பிக்கு இச்செய்தியை எவரேனும் சொல்லியிருந்தால், கலைத்தெய்வத்தை நின்ற கோலத்திலாவது செதுக்கியிருப்பாரோ என்னவோ!

1853-ஆம் ஆண்டின் கோடையில், டுசல்டார்ப் நகரத்தில், தமக்கென்று தனியே ஓர் அறை வாய்த்தபோது, அம்மையார் சில வாரங்களுக்குள் பியானோவுக்கும் வயலினுக்கும் பாட்டுக்குமாகப் பல இசைகளை இயற்றினார். அறை ஒன்று கிடைத்தவுடன் ஊற்றுத் திறந்தது என்பதை வாசகர் கவனிக்க வேண்டுகின்றோம். அவ்வாண்டின் இலையுதிர்காலத்தில் இருபது வயது இளைஞராகிய யோகான்னஸ் பிராம்ஸ் அவர்கள் வீட்டு வாயிலில் வந்து நின்றார். அடுத்த பிப்ரவரி மாதம் 27-ஆம் நாள், சித்தம் கலங்கிய சூமான் வீட்டைவிட்டு நழுவிச் சென்று ரைன் நதியிற் குதித்தார். படகினர் அவரைக் கரையேற்றினர். பானை அடுத்த எண்டெனிக் என்னுமிடத்து மனநோய் மருத்துவசாலையில் அவர் சேர்க்கப்பட்டார். கடைசிக் குழந்தை அப்போது தாய்வயிற்றில் இருந்தது. நோயாளியின் மனம் கலங்குமென்று மருத்துவர் மனைவியை உள்ளே விடவில்லை. ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக்குப் பின்னர், 1856-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள்தான் கணவர் முகத்தை அவர் மீண்டும் கண்டார். 29-ஆம் நாள் சூமான் காலமானார்.

பிராம்ஸுக்கும் அம்மையாருக்கும் இடையே நிலவிய நட்பைப்பற்றி ஊரார் பேசிய பேச்சுகள் பல. தம் கடிதங்களிற் பலவற்றை அவ்விருவருமே பிற்காலத்தில் அழித்துவிட்டனர். மூடிய கதவை இடித்துப் பார்ப்பதில் எமக்கு விருப்பமில்லை. அம்மையார் பொருள்தேடிப் புறப்பட்ட நாட்களில் அந்த இளைஞர் வீட்டுக் கணக்கெழுதிக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார் என்பது மட்டும் மறுக்க முடியாத செய்தி; அது அவர்க்குப் பெருமையே.

கைம்பெண்ணானபோது அம்மையாருக்கு வயது முப்பத்தாறு, பிள்ளைகள் எழுவர். நண்பர்கள் பொருளுதவி செய்ய முன்வந்தும் அவர் ஏற்கவில்லை. வாசித்துப் பிழைப்பதென்றே துணிந்தார். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹாலந்து, இங்கிலாந்து, ரஷ்யா என்று நாடு நாடாகப் பிரயாணம் செய்தார். கறுப்புடையே உடுத்தினார். ஏட்டைப் பாராமல் மனப்பாடமாக வாசிக்கும் வழக்கத்தை மேடைக்குக் கொணர்ந்த முன்னோடிகளுள் அவர் ஒருவர். விரல்வேகம் காட்டி வியப்பூட்டும் வாணவேடிக்கை இசை மலிந்திருந்த அந்நாளில் பாக், பேத்தோவன், ஷோப்பான் முதலியோரின் ஆழ்ந்த இசையையே அவர் தேர்ந்து வாசித்தார். வாழ்நாள் முழுவதும் அவர் செய்த கச்சேரிகளின் அச்சிட்ட நிகழ்ச்சிநிரல்கள் ஏறத்தாழ 1,300 இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. அவற்றுள் சூமானின் பெயர் மீண்டும் மீண்டும் வரும். லண்டன் விமரிசகர் சிலர் தொடக்கத்தில் சூமானின் இசையை ஏளனம் செய்தனர். அம்மையார் வாதாடவில்லை. சிறிய பகுதிகளை முதலில் வாசித்துச் செவிகளைப் பழக்கி, பின்னர்ப் பெரியவற்றை எடுத்தார். 1856-இல் முதன்முதல் அந்நகருக்குச் சென்றவர் அடுத்த முப்பதாண்டுக்கு மேலாகத் திரும்பத் திரும்பச் சென்றார். முடிவில் கேட்டோர் மாறினர்.

வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கு வாழ்க்கைத் துணைநலம் என்று பெயரிட்டார். துணை என்னும் சொல் நமக்கு மிகவும் எளிதாகிவிட்டது. பின்னின்று தாங்குவதையே துணை என்கின்றோம். சூமான் இறந்த பின்னர் நாற்பதாண்டுகள் கிளாரா அம்மையார் முன்னே நடந்தார். இறந்தவருடைய புகழே அவர் பின்னே நடந்துவந்தது. இதற்கு எச்சொல் பொருந்தும் என்று யாம் பலமுறை எண்ணியதுண்டு.

அவர் கணவரின் இசையை வணங்கிக் கைகட்டி நின்றவருமல்லர். பிராம்ஸ் முதலியோர் துணையோடு அவ்விசை முழுவதையும் திருத்தமாகப் பதிப்பித்தார். அப்பதிப்பு 1893-இல் நிறைவெய்தியது. எனினும், நோய் முற்றிய நாட்களில் சூமான் எழுதிய சில அவர் பெயருக்கு இழுக்காகும் என்று கருதி வெளிவராமற் செய்தார். செல்லோவுக்கென்று எழுதிய ஐந்து இசைத்துண்டுகளை முதுமைக்காலத்தில் அழித்தே விட்டார். 1853-இல் எழுதப்பெற்ற வயலின் கான்சர்ட்டோ மறைத்துவைக்கப்பட்டு, 1937-இல்தான் முதன்முதல் அரங்கேறியது. அதனை இன்று கேட்போர் பலர் அவ்வளவு தாழ்ந்ததென்று எண்ணுவதில்லை. அழித்தது முறையன்று என்றே யாமும் கூறுவோம். ஏட்டுச்சுவடிகள் செல்லரித்தும் ஆற்றிற்போயும் அழிந்த கதையைக் கேட்டு வளர்ந்த தமிழ் மாணவர் வேறு எவ்வாறு கூறுவர்? ஆனால், அச்செயல் எத்தகைய மனைவியுடையது என்று சிந்திக்க வேண்டும். கணவர் எழுதியதெல்லாம் தெய்வவாக்கு என்று கொண்டவர் அதைச் செய்யார். இசையிலே தமக்குத் தனித்த தீர்ப்பு உண்டென்று நம்பியவரே செய்வார்.

அத்தகைய தீர்ப்புடையவர் தம்மைப்பற்றி மட்டும் ஏன் கடுமையாகத் தீர்ப்பளித்தார்? பெண் இசை இயற்ற விரும்பலாகாது, இதுவரை எவளும் வல்லவளாகவில்லை, தான் மட்டும் எதிர்பார்ப்பது எங்ஙனம் என்னும் கருத்துப்பட 1839-ஆம் ஆண்டில், இருபது வயதிலேயே, அவர் நாட்குறிப்பில் எழுதினார். 1846-இல் பியானோவும் வயலினும் செல்லோவும் சேர்ந்திசைக்கும் அருமையான மூவிசையொன்றை இயற்றினார். அடுத்த ஆண்டு கணவர் எழுதிய மூவிசையைக் கேட்டதும், தமது ஆக்கம் பெண்மையின் மென்மை மிகுந்ததென்று தாழ்த்திக்கொண்டார். சூமான் மருத்துவசாலை சென்றபின் ஏறக்குறைய இயற்றுவதையே விட்டுவிட்டார். இதனைத் தியாகம் என்று புகழ்வோர் உளர். அப்புகழ்ச்சிக்கு யாம் உடன்படோம். எழுவர் பிள்ளைகளுக்கு உணவு தேட வேண்டியிருந்தது, நேரம் இல்லை, உன்னால் இயலாது என்று உலகம் முன்னரே சொல்லி வைத்திருந்தது. இவை காரணங்கள். காரணங்களை எடுத்து நற்குணங்களாக உயர்த்திவிட்டால், அடுத்து வரும் பெண்ணுக்கும் அதே காரணங்களைக் காணிக்கையாக வைத்துவிடுவோம்.

இதற்கு நேர்மாறாக, அவரை வெறும் பலியாகவே காட்டி இரங்குவோரும் இக்காலத்துப் பலர். அதுவும் பொருந்தாது. அம்மையார் மேடையை நேசித்தார். வாசிப்பு அவருக்கு மூச்சாயிருந்தது. வாழ்வு அவரை விட்டுவைக்கவில்லை என்பது உண்மை. மகள் ஜூலி 1872-இல் இறந்தாள். மகன் லூட்விக் சித்தம் கலங்கி மருத்துவசாலையில் அடைக்கப்பட்டான். கடைக்குட்டி பெலிக்ஸ் 1879-இல் காசநோய்க்கு இரையானான். பெர்டினாண்டு போர்க்களத்திலிருந்து நோயோடு திரும்பி, வலிதீர்க்கக் கொடுத்த மருந்துக்கே அடிமையாகி மாண்டான். அவன் பிள்ளைகளையும் பாட்டியாரே தாங்கினார். இத்துணைக்கும் நடுவே, 1878 முதல் 1892 வரை பிராங்பர்ட்டிலுள்ள ஹோக் இசைக்கல்லூரியில் ஆசிரியராக விளங்கினார். பல நாடுகளிலிருந்து மாணவர் அவரைத் தேடி வந்தனர். 1891-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், எழுபத்தொரு வயதில், கடைசியாக மேடையேறினார். 1896-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் காலமாகி, பான் நகரத்தில் கணவர் பக்கத்தில், அந்தக் கல்லின்கீழேயே அடக்கம் செய்யப்பட்டார்.

1990 முதல், யூரோ நாணயம் புழக்கத்திற்கு வரும்வரை, ஜெர்மனியின் நூறு மார்க்கு நோட்டில் அவர் உருவம் விளங்கிற்று. பின்புறத்தில் ஒரு பியானோ. கல்லை விடக் காகிதம் சற்று நேர்மையாக நடந்துகொண்டது.

அவர் வாசிப்பு எதுவும் ஒலிப்பதிவாக நமக்குக் கிட்டவில்லை. அவரிடம் பயின்ற பானி டேவிஸ் என்னும் ஆங்கில மாது 1928-இல் சூமானின் கான்சர்ட்டோவை இசைத்தட்டில் பதிவுசெய்தார். ஆசிரியையின் சாயலை அதில் ஓரளவு கேட்கலாம். ஆனால், நண்பர்கள் எம்மிடம் எதை முதலில் கேட்பது என்று வினவினால், கணவருடையதை விடுத்து அம்மையாருடைய சொந்தக் கான்சர்ட்டோவையே காட்டுவோம். பதின்மூன்றாம் வயதில் தொடங்கி, பதினாறாம் வயதில், 1835-ஆம் ஆண்டு நவம்பரில், மெண்டல்சன் வாத்தியக்குழுவை நடத்த அவரே லைப்சிக்கில் அரங்கேற்றியது அது. அதன் நடுப்பகுதி வந்ததும் வாத்தியக்குழு முழுவதும் வாய்மூடிவிடும். பியானோ தனியே பாடத் தொடங்கும். சிறிது நேரம் கழித்து ஒரே ஒரு செல்லோ வந்து அதனோடு சேரும், மற்றவையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும்.